வாடகைக் கடை கணக்கை வைத்து டேபிள்களை இணைக்கக் கற்போம்: லிபர்ஆபிஸ் பேஸில் முழுமையான வழிகாட்டி

எக்செலில் கணக்கு எழுதுபவர்கள் டேட்டாபேஸ் பக்கம் வருவது பெரும்பாலும் ஒரு ஷீட் கைமீறிப் போன பிறகுதான். வந்ததும் டேபிள்கள் போடுவது எளிதாகவே இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் இடத்தில்தான் திணறல் தொடங்குகிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஓர் இடத்தைப் பற்றியது.

மென்பொருளாக லிபர்ஆபிஸ் பேஸை எடுத்துக்கொள்கிறேன். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், ஒரு வரி கோட் கூட எழுதாமல் மவுஸால் இழுத்தே இணைப்பு போடலாம். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே படிகள்தான், பட்டன்களின் இடம் கொஞ்சம் மாறும்.

எடுத்துக்காட்டாக ஒரு வாடகைக் கடை. விசேஷங்களுக்குச் சேர், டேபிள், அண்டா, குண்டான், தாம்பாளம், ஜமக்காளம் எல்லாம் கொடுக்கும் கடை. ஆடியில் ஈ ஓட்டும், தை பிறந்தால் தலை நிமிர நேரம் இருக்காது. கணக்குக் குழம்புவதும் அந்தத் தை மாதத்தில்தான்.

## ஒரே ஷீட்டில் என்ன கெடுகிறது

கடையின் ஷீட் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (பெயர்களும் எண்களும் கற்பனை):

| நாள் | பெயர் | தெரு | பொருள் | எண்ணிக்கை | வாடகை |
|---|---|---|---|---|---|
| 20-01 | முருகேசன் | மேலத் தெரு | சேர் | 100 | 8 |
| 20-01 | முருகேசன் | மேலத் தெரு | பெரிய அண்டா | 2 | 150 |
| 27-01 | செல்வி | காளியம்மன் கோவில் தெரு | சேர் | 50 | 8 |
| 02-02 | முருகேஷன் | கீழத் தெரு | ஜமக்காளம் | 6 | 40 |

நான்காவது வரியில் இருப்பவர் முதல் வரியில் இருந்தவரா? எழுத்துப் பிழையா, வேறு ஆளா? வீடு மாறிவிட்டாரா? ஷீட்டுக்குத் தெரியாது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் உங்களுக்கும் தெரியாது.

இதைவிட மோசமானவை இரண்டு உண்டு. புதிதாக ஒரு இட்லிக் கொப்பரை வாங்கினீர்கள், இன்னும் யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை. அதை இந்த ஷீட்டில் எங்கே எழுதுவது? இன்னொன்று, செல்வியின் கணக்கு முடிந்துவிட்டது என்று அந்த வரியை அழித்தால் அவருடைய முகவரியும் சேர்ந்து போய்விடுகிறது. ஆள், பொருள், வாடகைக்குப் போன சம்பவம் என்று மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே வரியில் திணித்ததன் விளைவு இது.

ஆகவே பிரிக்க வேண்டும். பிரித்தால், எந்தச் சேர் யாரிடம் போனது என்று மறுபடி ஒட்டிப் பார்க்க ஒரு வழி வேண்டும். அந்த வழியைச் சொன்னவர் எட்கர் காட். சான் ஹோசேயில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது 1970-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் பிறந்ததுதான் ரிலேஷனல் டேட்டாபேஸ். அதற்கு முன் இருந்த டேட்டாபேஸ்களில் ஒரு பதிவிலிருந்து (ஒரு வரித் தகவலைத்தான் பதிவு என்கிறேன்) இன்னொன்றுக்குப் போகும் பாதையை முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள். புரோகிராம் எழுதுபவர் அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். காட் அதைத் தூக்கிவிட்டார். இரண்டு டேபிள்களிலும் ஒரே மதிப்பு இருந்தால் அதுவே இணைப்பு. வாடிக்கையாளர் டேபிளில் 7 என்ற எண் முருகேசனுடையது. சீட்டு டேபிளில் ஒரு பதிவில் 7 என்று இருந்தால் அது முருகேசனின் சீட்டு. இனி செய்யப்போவதெல்லாம் இந்த 7-ஐச் சரியான இடத்தில் வைப்பதும், தவறான எண் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதும்தான்.

## படி 1: கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டுக் காகிதத்தில்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க எல்லோருக்கும் ஆசை வரும். குதிக்காதீர்கள். இணைப்பில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கே யோசிக்காமல் விட்டவை.

கடையில் என்னென்ன "விஷயங்கள்" இருக்கின்றன என்று எழுதுங்கள். வாடிக்கையாளர், பொருள், சீட்டு. சீட்டு என்பது ஒருவர் ஒரு விசேஷத்துக்கு எடுத்துப் போகும்போது கிழித்துக் கொடுப்பது. இப்போது இரண்டிரண்டாக எடுத்து, இரு பக்கத்திலிருந்தும் கேள்வி கேளுங்கள்.

ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை சீட்டு இருக்கலாம்? பல. காதுகுத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. ஒரு சீட்டு எத்தனை வாடிக்கையாளருக்கு உரியது? ஒருவருக்குத்தான். இது ஒன்றுக்குப் பல என்னும் உறவு. இதற்கு ஒரே ஒரு விதி: "பல" பக்கத்து டேபிளில் "ஒன்று" பக்கத்தின் எண்ணை வையுங்கள். சீட்டில் வாடிக்கையாளர் எண் வரும். வாடிக்கையாளர் டேபிளில் சீட்டு எண் வராது. வைத்தால் இரண்டாவது சீட்டை எங்கே எழுதுவீர்கள்?

அடுத்து, ஒரு சீட்டில் எத்தனை பொருள்? பல. ஒரு பொருள் எத்தனை சீட்டில் வரும்? அதுவும் பல, சேர் இல்லாத சீட்டே இருக்காது. இது பலவற்றுக்குப் பல. இங்கேதான் புதியவர்கள் இரண்டு குறுக்கு வழிகளில் ஒன்றைப் பிடிப்பார்கள். சீட்டு டேபிளில் பொருள்1, பொருள்2, பொருள்3 என்று புலங்கள் போடுவது ஒன்று. (எக்செலில் காலம் என்று சொல்வதைத்தான் புலம் என்கிறேன்.) பொருள் எண்களைக் கமா போட்டு ஒரே கட்டத்தில் "3, 5, 9" என்று எழுதுவது மற்றொன்று. முதல் வழியில், நான்காவது பொருள் வந்த அன்று டேபிளையே மாற்ற வேண்டும்; "அண்டா மொத்தம் எத்தனை வெளியே இருக்கிறது" என்று கேட்டால் மூன்று புலத்திலும் தேட வேண்டும். இரண்டாவது வழியில் டேட்டாபேஸின் கண்ணுக்கு அது வெறும் எழுத்து. இணைக்கவே முடியாது.

சரியான வழி, நடுவில் நான்காவதாக ஒரு டேபிள். அதன் ஒவ்வொரு பதிவும் "இந்தச் சீட்டில், இந்தப் பொருள், இத்தனை" என்று சொல்லும். சீட்டுக்கும் அதற்கும் ஒன்றுக்குப் பல, பொருளுக்கும் அதற்கும் ஒன்றுக்குப் பல. பலவற்றுக்குப் பல என்று ஓர் இணைப்பு டேட்டாபேஸில் நேரடியாகக் கிடையாது. எப்போதும் இப்படி இரண்டாக உடைத்துத்தான் போட வேண்டும். இதைச் சீட்டு_விவரம் என்று அழைப்போம்.

ஒன்றுக்கு ஒன்று என்ற மூன்றாவது வகையும் உண்டு. அது வந்தால் பெரும்பாலும் இரண்டையும் ஒரே டேபிளில் போட்டுவிடலாம் என்றுதான் பொருள்.

## படி 2: எதை அடையாளமாக வைப்பது

ஒவ்வொரு டேபிளிலும் ஒரு பதிவை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் புலம் ஒன்று வேண்டும். அதுதான் பிரைமரி கீ. இன்னொரு டேபிளில் போய் உட்காரும் அதே எண்ணுக்கு ஃபாரின் கீ என்று பெயர்.

பெயரை வைக்க முடியாது. ஒரு தெருவிலேயே இரண்டு முருகேசன் இருப்பார்கள். கைபேசி எண்? கணவனும் மனைவியும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள், அல்லது அடுத்த வருடம் எண்ணை மாற்றிவிடுவார்கள். கீயாக இருக்கும் எண் மாறினால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லாச் சீட்டிலும் மாற வேண்டும். ஆதார் எண்ணை வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நூறு சேர் வாடகைக்குக் கொடுக்க ஒருவருடைய ஆதார் எண் எதற்கு? வேண்டாம்.

மென்பொருளே 1, 2, 3 என்று போட்டுக்கொள்ளும் எண்தான் நல்லது. அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, அதனால்தான் அது மாறாது. இடையில் ஒரு பதிவை அழித்தால் அந்த எண் காலியாகக் கிடக்கும், கிடக்கட்டும். அச்சடித்த சீட்டுப் புத்தகத்தின் வரிசை எண் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் புலம் போடுங்கள், இதோடு கலக்காதீர்கள். பேஸில் முதல் பதிவுக்கு 0 என்ற எண் விழுந்தால் பயப்பட வேண்டாம், அதன் வழக்கம் அப்படி.

## படி 3: பேஸைத் திறந்து டேபிள் போடுவது

பேஸ் தனக்குள்ளேயே வைத்திருக்கும் டேட்டாபேஸின் பெயர் எச்எஸ்கியூஎல்டிபி. அது ஓட ஜாவா தேவை. உபுண்டுவில் பேஸ் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம்.

திறந்ததும் ஒரு விசார்ட், அதாவது படிப்படியாகக் கேட்டு வழிநடத்தும் ஜன்னல், வரும். "கிரியேட் எ நியூ டேட்டாபேஸ்", அதில் "எச்எஸ்கியூஎல்டிபி எம்பெடட்" என்று தேர்ந்தெடுத்து, பெயர் கொடுத்துச் சேமியுங்கள். இடப்பக்கம் டேபிள்ஸ், கொயரீஸ், ஃபார்ம்ஸ், ரிப்போர்ட்ஸ் என்று நான்கு இருக்கும். டேபிள்ஸில் "கிரியேட் டேபிள் இன் டிசைன் வியூ" அழுத்துங்கள்.

நான்கு டேபிள்கள் (இன்டிஜர் என்றால் முழு எண், டெசிமல் என்றால் புள்ளி வைத்த எண், டெக்ஸ்ட் என்றால் எழுத்து, டேட் என்றால் தேதி):

வாடிக்கையாளர்: வா_எண் (இன்டிஜர்), பெயர் (டெக்ஸ்ட்), கைபேசி (டெக்ஸ்ட்), தெரு (டெக்ஸ்ட்)

பொருள்: பொ_எண் (இன்டிஜர்), பொருள்_பெயர் (டெக்ஸ்ட்), இருப்பு (இன்டிஜர்), நாள்_வாடகை (டெசிமல்)

சீட்டு: சீ_எண் (இன்டிஜர்), வா_எண் (இன்டிஜர்), எடுத்த_நாள் (டேட்), நாட்கள் (இன்டிஜர்), விசேஷம் (டெக்ஸ்ட்)

சீட்டு_விவரம்: வி_எண் (இன்டிஜர்), சீ_எண் (இன்டிஜர்), பொ_எண் (இன்டிஜர்), எண்ணிக்கை (இன்டிஜர்), பேசிய_வாடகை (டெசிமல்), திரும்பியது (இன்டிஜர்)

ஒவ்வொன்றிலும் முதல் புலம்தான் பிரைமரி கீ. அந்த வரியின் இடது ஓரத்தில் ரைட் கிளிக் செய்து "பிரைமரி கீ" தேர்ந்தெடுத்தால் சிறிய சாவிப் படம் வரும். கீழே உள்ள பண்புகளில் "ஆட்டோவேல்யூ" என்பதை யெஸ் ஆக்குங்கள். பிரைமரி கீ இல்லாத டேபிளில் பேஸ் உங்களைத் தகவல் உள்ளிடவே விடாது.

சீட்டில் இருக்கும் வா_எண்ணுக்கும், சீட்டு_விவரத்தில் இருக்கும் சீ_எண், பொ_எண்ணுக்கும் ஆட்டோவேல்யூ நோ என்றே இருக்கட்டும். இவை வேறு டேபிளிலிருந்து வரும் எண்கள்; தானாக ஏறினால் யாரோ ஒருவரின் சீட்டு யாருடைய தலையிலோ விழும். ஆனால் இந்த மூன்றுக்கும் "என்ட்ரி ரிக்வயர்ட்" என்பதை யெஸ் ஆக்குங்கள். ஏன் என்று படி 5-ல் தெரியும். எண்ணிக்கை, திரும்பியது இரண்டுக்கும்கூட யெஸ் போடலாம். எதுவும் திரும்பாதபோது 0 என்று எழுதிக்கொள்ளுங்கள், காலியாக விடாதீர்கள்.

வகையும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் இன்டிஜர், மறுபக்கம் டெக்ஸ்ட் என்றால் இணைப்பு விழாது. கைபேசியை ஏன் டெக்ஸ்ட் ஆக்கினேன் என்றால், அதை வைத்து யாரும் கூட்டல் கழித்தல் போடப் போவதில்லை. நாட்டுக் குறியீட்டின் பிளஸ் குறியும் முன்னால் வரும் பூஜ்ஜியமும் தொலையக்கூடாது.

சீட்டு_விவரத்துக்குத் தனியாக ஓர் எண் வேண்டுமா, சீ_எண்ணும் பொ_எண்ணும் சேர்ந்தே பிரைமரி கீ ஆகலாமே என்று நூலறிவு உள்ளவர்கள் கேட்பார்கள். ஆகலாம். ஆனால் அப்படிச் செய்தால் ஒரு சீட்டில் ஒரு பொருள் ஒரு தடவைதான் வர முடியும். காலையில் 100 சேர் எடுத்துப் போனவர், கூட்டம் அதிகம் என்று சாயங்காலம் இன்னும் 50 கேட்பார், அதற்கு வேறு வாடகை பேசுவார். இந்தக் கடைக்குத் தனி எண்ணே சரி.

இன்னொரு கேள்வியும் வரும், இது முக்கியமானது. பொருள் டேபிளில் நாள்_வாடகை இருக்கும்போது விவரத்தில் பேசிய_வாடகை எதற்கு? ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதக்கூடாது என்றுதானே இவ்வளவு தூரம் வந்தோம்? இவை இரண்டும் ஒரே தகவல் அல்ல. ஒன்று இன்றைய விலைப் பட்டியல். மற்றது அன்றைக்கு அவரிடம் ஒப்புக்கொண்ட தொகை. சேர் வாடகையை 8-லிருந்து 10 ஆக்கினால், போன தை மாதத்துச் சீட்டின் கணக்கும் 10-க்கு மாறிவிடக்கூடாது. எதை இணைப்பின் வழியாக எடுப்பது, எதை அந்த நேரத்திலேயே நகல் எடுத்து வைப்பது என்று பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: மூலத்தில் மாறினால் பழைய பதிவிலும் மாற வேண்டுமா? முகவரி மாறினால் மாற வேண்டும். வாடகை மாறினால் கூடாது.

## படி 4: கோடு இழுப்பது

திறந்திருக்கும் டேபிள்களையெல்லாம் மூடிவிட்டு, டூல்ஸ் மெனுவில் "ரிலேஷன்ஷிப்ஸ்" போங்கள். நான்கு டேபிள்களையும் சேருங்கள். ஒவ்வொன்றும் ஒரு பெட்டியாக வந்து நிற்கும்.

வாடிக்கையாளர் பெட்டியில் வா_எண்ணைப் பிடித்து, சீட்டு பெட்டியில் உள்ள வா_எண்ணின் மேல் இழுத்துப் போடுங்கள். ஒரு கோடு விழும். வாடிக்கையாளர் பக்கம் 1 என்றும் சீட்டு பக்கம் n என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். தலைகீழாக இருந்தால் கோட்டை அழித்துவிட்டு எதிர்ப் பக்கமிருந்து இழுங்கள். அப்புறம் சீட்டின் சீ_எண்ணிலிருந்து சீட்டு_விவரத்தின் சீ_எண்ணுக்கு, பொருளின் பொ_எண்ணிலிருந்து சீட்டு_விவரத்தின் பொ_எண்ணுக்கு. மொத்தம் மூன்று கோடுகள். வாடிக்கையாளருக்கும் பொருளுக்கும் நடுவில் கோடு வேண்டாம். யார் எதை எடுத்தார் என்பது சீட்டு, விவரம் வழியாகவே தெரிந்துவிடும்.

இரு பக்கமும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மதிப்புதான் முக்கியம். பெயரும் ஒன்றாக இருந்தால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது புரியும், அவ்வளவே.

இப்போது ஒவ்வொரு கோட்டின் மேலும் டபுள் கிளிக் செய்யுங்கள். "அப்டேட் ஆப்ஷன்ஸ்", "டெலீட் ஆப்ஷன்ஸ்" என்று இரண்டு பகுதிகள் வரும். நம்முடைய எண்கள் மாறப்போவதில்லை, அதனால் அப்டேட் பகுதியை "நோ ஆக்‌ஷன்" என்றே விடுங்கள். டெலீட் பகுதியில் நிதானமாக யோசிக்க வேண்டும். கேள்வி இதுதான்: "ஒன்று" பக்கத்துப் பதிவை யாராவது அழித்தால் "பல" பக்கத்தில் இருப்பவை என்ன ஆகும்?

சீட்டுக்கும் விவரத்துக்கும் நடுவில் "டெலீட் கேஸ்கேட்" போடலாம். சீட்டே ரத்தானால் அதன் விவரத்துக்கு வேலை இல்லை. இரண்டும் சேர்ந்தே போகட்டும். வாடிக்கையாளருக்கும் சீட்டுக்கும் நடுவில் அதைப் போட்டுவிடாதீர்கள். ஒருவரின் பெயரை அழித்தால் அவருடைய சீட்டுகள் போகும், சீட்டுகளோடு விவரங்களும் போகும். யாரிடம் எத்தனை அண்டா இருக்கிறது என்ற கணக்கு ஒரே அழுத்தில் காணாமல் போகும். அங்கே "நோ ஆக்‌ஷன்". அப்போது, சீட்டு உள்ளவரை அழிக்கப் பார்த்தால் பேஸ் மறுத்துவிடும். பொருளுக்கும் விவரத்துக்கும் நடுவிலும் அப்படியே.

ஓட்டை விழுந்து தூக்கிப்போட்ட குண்டானை என்ன செய்வது? அழிக்க வேண்டாம். பொருள் டேபிளில் "பயன்பாட்டில்" என்று ஒரு யெஸ்/நோ புலம் சேர்த்து நோ போடுங்கள். பழைய சீட்டுகளில் அதன் பெயர் இருந்தாக வேண்டும்.

"செட் நல்" என்ற தேர்வும் இருக்கும். மேலே உள்ளது அழிந்தால் கீழே அந்த எண்ணைக் காலியாக்கிவிடும். நாம் என்ட்ரி ரிக்வயர்ட் போட்டிருப்பதால் இங்கே அது பொருந்தாது.

முடிந்ததும் கண்ட்ரோல்-எஸ். ரிலேஷன்ஷிப்ஸ் ஜன்னலை மூடிவிட்டு, பேஸின் முதன்மை ஜன்னலிலும் ஒருமுறை சேமியுங்கள். தகவல் எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள்தான் போய் உட்காருகிறது. அதைச் சேமிக்காமல் கரன்ட் போனால் இழப்பு உங்களுக்குத்தான்.

## படி 5: வேண்டுமென்றே தப்பு செய்து பாருங்கள்

உள்ளிடும் வரிசை முக்கியம். முதலில் வாடிக்கையாளர், பொருள். பிறகு சீட்டு. கடைசியாக விவரம். எண் இருந்தால்தானே அதைக் காட்ட முடியும்.

நாலைந்து பதிவுகள் போட்டபின், சீட்டு டேபிளைத் திறந்து வா_எண் 99 என்று ஒரு சீட்டு எழுதுங்கள். அப்படி ஒருவர் இல்லை. சேமிக்கப் போனால் "இன்டெகிரிட்டி கான்ஸ்ட்ரெயின்ட் வயலேஷன், நோ பேரன்ட்" என்று நீளமாக ஒரு செய்தி வரும். "நீ சொல்லும் எண் மேல் டேபிளில், அதாவது 'ஒன்று' பக்கத்து டேபிளில், இல்லை" என்கிறது. இந்தச் செய்தியைப் பார்த்ததும் பலர் இணைப்பையே எடுத்துவிடுவார்கள். அது தொந்தரவு போலத் தெரிந்தாலும், இவ்வளவு வேலை செய்தது இந்த மறுப்புக்காகத்தான். எக்செல் உங்களை ஒருநாளும் இப்படித் தடுத்ததில்லை, அதனால்தான் முருகேசன் முருகேஷன் ஆனார்.

அடுத்து, சீட்டு வைத்திருக்கும் ஒருவரை வாடிக்கையாளர் டேபிளில் அழிக்கப் பாருங்கள். மறுக்க வேண்டும். மறுக்கவில்லை என்றால் கோடு சேமிக்கப்படவில்லை, அல்லது கேஸ்கேட் போட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவதாக, வா_எண்ணைக் காலியாக விட்டு ஒரு சீட்டைச் சேமித்துப் பாருங்கள். ஃபாரின் கீ புலம் காலியாக இருப்பதை இணைப்பு தப்பாக எடுத்துக்கொள்ளாது. தப்பான எண்ணைத்தான் தடுக்கும். ஆள் இல்லாத சீட்டு உள்ளே வராமல் காப்பது நாம் போட்ட என்ட்ரி ரிக்வயர்ட். இந்த இரண்டும் வேறு வேறு காவல் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

## படி 6: பிரித்ததைச் சேர்த்துப் பார்ப்பது

சீட்டு டேபிளைத் திறந்தால் 7, 3, 7, 12 என்று எண்கள்தான் தெரியும். பெயரோடு பார்க்கக் கொயரி, அதாவது டேபிள்களிடம் கேட்கும் கேள்வி, வேண்டும். கொயரீஸில் "கிரியேட் கொயரி இன் டிசைன் வியூ" போய், நான்கு டேபிள்களையும் சேருங்கள். நீங்கள் இழுத்த கோடுகள் இங்கே தானாகவே வந்து நிற்கும்.

யாரிடம் என்ன பாக்கி இருக்கிறது என்று பார்ப்போம். வாடிக்கையாளரில் பெயர், சீட்டில் எடுத்த_நாள், பொருளில் பொருள்_பெயர் ஆகியவற்றில் டபுள் கிளிக் செய்தால் கீழே கட்டத்தில் இறங்கும். அடுத்த காலிக் கட்டத்தில், ஃபீல்ட் வரியில் "எண்ணிக்கை" - "திரும்பியது" என்று, அந்த இரட்டை மேற்கோளோடு, கையால் எழுதுங்கள். அலையஸ் வரியில் பாக்கி என்று பெயர் கொடுங்கள். கிரைட்டீரியன் வரியில் > 0. எஃப்5 அழுத்துங்கள்.

| பெயர் | எடுத்த_நாள் | பொருள்_பெயர் | பாக்கி |
|---|---|---|---|
| முருகேசன் | 20-01 | சேர் | 4 |
| செல்வி | 27-01 | சேர் | 50 |

இதுதான் ஜாயின். சாதாரண ஜாயின், அதாவது இன்னர் ஜாயின், இரு பக்கமும் பொருந்தும் பதிவுகளை மட்டுமே காட்டும். சீட்டே போடாத வாடிக்கையாளர் இதில் வரமாட்டார்.

அதுவே ஒரு கேள்விக்கு முட்டுக்கட்டை. இதுவரை ஒருதடவைகூட வெளியே போகாத பொருள் எது? பொருளையும் சீட்டு_விவரத்தையும் மட்டும் வைத்துப் புதிய கொயரி தொடங்குங்கள். நடுவில் உள்ள கோட்டை டபுள் கிளிக் செய்தால் "ஜாயின் பிராப்பர்ட்டீஸ்" வரும். டைப்பில் லெஃப்ட் ஜாயின், ரைட் ஜாயின் என்று இருக்கும். எது எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். தேர்ந்தெடுக்கும்போதே எந்த டேபிளின் எல்லாப் பதிவுகளும் வரும் என்று கீழே எழுதிக் காட்டும். பொருள் டேபிளின் எல்லாப் பதிவுகளும் வரும் என்று சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பொருள்_பெயரையும் வி_எண்ணையும் கட்டத்தில் இறக்கி, வி_எண்ணின் கிரைட்டீரியனில் "இஸ் எம்ப்டி" என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். துணை கிடைக்காமல் காலியாக நிற்கும் பொருள்கள் மட்டும் வரும். அந்த இட்லிக் கொப்பரை அதில் இருக்கும்.

### இரண்டு பொறிகள்

கொயரியில் இரண்டு டேபிள்களைச் சேர்த்துவிட்டு நடுவில் கோடு இல்லாமல் ஓட்டினால், ஒன்றின் ஒவ்வொரு பதிவும் மற்றதன் எல்லாப் பதிவோடும் சேரும். 40 பொருள், 500 சீட்டு என்றால் 20,000 வரிகள். மலைக்க வைக்கும் எண்ணிக்கை வந்தால் முதலில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது பொறி தந்திரமானது, ஏனென்றால் அதில் பிழைச் செய்தி எதுவும் வராது. கடையில் முன்பணமும் தவணையும் வாங்குகிறீர்கள் என்பதால் "வரவு" என்று ஐந்தாவது டேபிள் சேர்த்து, சீ_எண் வழியாகச் சீட்டோடு இணைக்கிறீர்கள். ஒரு சீட்டில் 5 பொருள்கள், அதற்கு 2 தடவை பணம் கட்டியிருக்கிறார். சீட்டு, விவரம், வரவு மூன்றையும் ஒரே கொயரியில் போட்டால் 5 × 2 = 10 வரிகள் வரும். வாடகையைக் கூட்டினால் இரண்டு மடங்கு. வரவைக் கூட்டினால் ஐந்து மடங்கு. இரண்டும் பார்க்க நியாயமான தொகை போலவே இருக்கும்.

இதற்கு மருந்து, தனித்தனியாகக் கூட்டிவிட்டுப் பிறகு சேர்ப்பது. ஒரு கொயரியில் சீ_எண் வாரியாக வாடகை மொத்தம்: ஃபங்ஷன் வரியில் சீ_எண்ணுக்கு "குரூப்", தொகைக்கு "சம்". (எண்ணிக்கையையும் பேசிய வாடகையையும் பெருக்கியதோடு நாட்களையும் பெருக்க மறக்காதீர்கள்.) இன்னொரு கொயரியில் சீ_எண் வாரியாக வரவு மொத்தம். மூன்றாவது கொயரியில் டேபிள் சேர்க்கும் பெட்டியில் "கொயரீஸ்" என்று மாற்றி இந்த இரண்டையும் எடுத்து, சீ_எண்ணில் கோடு இழுங்கள். பணமே கட்டாத சீட்டுகளும் வர வேண்டும் என்பதால், வாடகைக் கொயரியின் பக்கம் முழுவதும் வரும்படி ஜாயினை மாற்றுங்கள். அவர்களைத்தானே முதலில் பார்க்க வேண்டும்!

## படி 7: கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு ஃபார்ம்

எண்களைத் தட்டச்சு செய்து சீட்டு போடச் சொன்னால் இரண்டே நாளில் பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஃபார்ம்ஸில் விசார்டைத் தொடங்கி, சீட்டு டேபிளின் புலங்களைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில் "ஆட் சப்ஃபார்ம்" டிக் செய்து, ஏற்கெனவே உள்ள உறவின்படி என்ற தேர்வில் சீட்டு_விவரத்தைச் சொடுக்குங்கள். மேலே சீட்டு, கீழே அதன் பொருள்கள் என்று ஒரு திரை தயாராகும். கீழே எழுதுபவற்றில் சீ_எண் தானாகவே ஏறிக்கொள்ளும்.

வா_எண் இருக்கும் பெட்டியைப் பெயர்ப் பட்டியலாக மாற்ற, முதலில் வாடிக்கையாளரின் பெயர், வா_எண் என்ற வரிசையில் ஒரு சிறு கொயரி செய்து சேமியுங்கள். ஃபார்மை எடிட்டில் திறந்து அந்தப் பெட்டியில் ரைட் கிளிக், "ரீப்ளேஸ் வித்", "லிஸ்ட் பாக்ஸ்". அதன் பண்புகளில் டேட்டா பகுதியில், பட்டியலின் வகை கொயரி, உள்ளடக்கம் நீங்கள் செய்த கொயரி, "பவுண்ட் ஃபீல்ட்" 1. எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்குவதால் 1 என்பது இரண்டாவது புலம், அதாவது வா_எண். பார்ப்பவருக்குப் பெயர் தெரியும், டேபிளில் எண் விழும். பொ_எண்ணுக்கும் இதே வேலை.

## பழைய ஷீட்டை உள்ளே கொண்டுவர

ஷீட்டில் உள்ள பெயர்களை வரிசைப்படுத்தி, ஒரே ஆளின் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களைக் கையால் சரிசெய்யுங்கள். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஊர் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவருக்கு ஒரு வரி என்று தனிப் பட்டியல் செய்து எண் போடுங்கள். பொருளுக்கும் அப்படியே. பழைய ஷீட்டில் பெயர் இருக்கும் இடத்தில் விலுக்அப் (பட்டியலில் பெயரைத் தேடி அதற்குரிய எண்ணை எடுத்துத் தரும் ஃபார்முலா) வைத்து எண்ணைக் கொண்டுவாருங்கள். பிறகு லிபர்ஆபிஸின் ஷீட் மென்பொருளான கால்க்கில் அந்தப் பகுதியைக் காப்பி செய்து, பேஸின் டேபிள்ஸ் பகுதியில் பேஸ்ட் செய்தால் ஒரு விசார்ட் வரும். டேபிளின் பெயரைச் சரியாகக் கொடுத்து "அப்பெண்ட் டேட்டா" தேர்ந்தெடுங்கள். மேல் டேபிள்கள் முதலில், கீழ் டேபிள்கள் பிறகு. கோடுகளை முன்பே இழுத்து வைத்திருந்தால், சரிசெய்யத் தவறிய வரிகள் உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நிற்கும்.

## பேஸைத் தாண்டிப் போகும்போது

இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்ற நிலை வந்தால் இந்த ஒற்றைக் கோப்பு போதாது. மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ்கியூஎல் பக்கம் போக வேண்டும். பேஸையே அவற்றின் முகப்பாகவும் வைத்துக்கொள்ளலாம். இணைப்பின் அடிப்படை எங்கும் இதேதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

எஸ்கியூலைட் என்ற இன்னொரு டேட்டாபேஸில் ஃபாரின் கீ எழுதினாலும், அதைச் சரிபார்க்கும் வேலை இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை டேட்டாபேஸைத் திறக்கும்போதும் அதை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் 99-ஆம் எண் ஆள் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுவார். மைஎஸ்கியூஎல்லில் டேபிள் மைஐசாம் வகையாக இருந்தால் ஃபாரின் கீயை வாங்கிக்கொள்ளும், ஆனால் மதிக்காது. இன்னோடிபி வகையில்தான் வேலை செய்யும். 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபிதான் இயல்பான தேர்வு என்பதால் பழைய டேபிள்களில் மட்டும் கவனமாக இருந்தால் போதும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் சரியாக மதிக்கும், ஆனால் ஃபாரின் கீ புலத்துக்குத் தானாக இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) போடாது. பதிவுகள் லட்சக்கணக்கில் ஏறியபின், சீட்டை அழிக்கும்போதோ விவரத்தோடு சேர்த்துத் தேடும்போதோ மெதுவாக இருந்தால் அந்த இன்டெக்ஸை நீங்களே போட வேண்டும்.

எதில் தொடங்கினாலும் படி 5-ல் உள்ள மூன்று தப்புகளையும் அங்கேயும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.